திருப்பூரில் தலைகீழாக நின்ற பன்றிகள்

நான் வாழும் டென்மார்க்கில் பன்றி ஒரு பரிசு. நத்தார் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்துமஸ் விருந்தின் கடைசியில் பாற்சோறு மாதிரி ஒன்றைக் குளிர வைத்துக் கொண்டுவருவார்கள். அதற்குள் ஒரே ஒரு முழு வாதுமைப் பருப்பு ஒளிந்திருக்கும். அது யாருடைய வாயில் அகப்படுகிறதோ அவருக்கு வாதுமை இனிப்பில் செய்த ஒரு பன்றி கிடைக்கும். அந்த நாட்டுக்குப் போன முதல் வருடமே எனக்குத்தான் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் பன்றி என்றால் வசவு. மேசையைச் சுற்றியிருந்தவர்கள் கைதட்டியபோது, எல்லாருமாகச் சேர்ந்து என்னை ஏசுகிறார்களோ என்று முழித்தேன்.

அந்தப் பன்றிதான் இப்போது என்னைத் திருப்பூருக்கு அனுப்பிவைத்தது. நான் வேலை செய்வது பிள்ளைகளின் இரவு உடுப்பு விற்கும் ஒரு சின்னக் கடையில். கடைக்காரர் பெயர் கிர்ஸ்டன். அங்கே முதலாளியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். புது வருடத்துக்கு அதிர்ஷ்டப் பன்றி அச்சடித்த உடுப்பு விற்க வேண்டும் என்பது அவருடைய பல நாள் ஆசை. தைக்கக் கொடுத்த இடம் திருப்பூர். "உனக்கு அவர்களுடைய மொழி தெரியும். போய்ப் பார். திங்கட்கிழமைக்குள் படம் எடுத்து அனுப்பு. சரியாக இருந்தால் பெட்டி கட்டட்டும்" என்றார். அவர்களுடைய மொழி எனக்குத் தெரியும் என்பதில் எனக்கும் சந்தேகம் இருக்கவில்லை, திருப்பூரில் வந்து இறங்கும்வரை.

வெள்ளிக்கிழமை காலை யூனிட் வாசலில் என்னை வரவேற்றவர் சாந்தாமணி. அந்தச் சின்னத் தையல் யூனிட்டின் உரிமையாளர். என் வயதுதான் இருக்கும். "வாங்க வாங்க. வந்துட்டீங்களாங்க? வழியெல்லாம் சௌரியமாங்க? உக்காருங்க, தண்ணி குடிங்க." ஒரு வாழ்நாளுக்கான மரியாதையை எனக்கு ஒரே மூச்சில் கொடுத்துவிட்டார். தையல் மெஷினில் இருந்த பெண்ணிடம் "அத சித்த ஆப் பண்ணு கண்ணு" என்று சொன்னதுகூடத் தாலாட்டுப் போலத்தான் கேட்டது. எங்கள் ஊரில் இந்த இடத்தில் "உந்த மெசினை நிப்பாட்டு" என்று ஒரு சத்தம் வந்திருக்கும்.

முதலில் சாப்பாடு. வேலை பிறகுதான். தட்டில் வெள்ளையாக நூல் நூலாக ஒன்று வந்தது, மேலே தேங்காய்ப்பாலும் வெல்லமும்.

"இடியப்பம்!" என்றேன், சொந்தக்காரரைக் கண்ட சந்தோஷத்தில்.

சாந்தாமணியின் முகம் லேசாக மாறியது. "இல்லீங்க, இது சந்தகைங்க. இடியாப்பம் மாவப் பெசஞ்சு புழியறதுங்க. இது அரிசிய ஊறவெச்சு ஆட்டி, வேகவெச்சு, அப்பறம் புழியறதுங்க. ரெண்டும் வேறைங்க."

சாப்பிட்டுப் பார்த்தேன். வேறுதான். இன்னும் மெத்தென்று இருந்தது. ஆனால் தேங்காய்ப்பாலில் வெல்லத்துக்குப் பதிலாகப் பச்சைமிளகாய் போட்டுச் சொதி வைத்தால் என்ன என்று என் நாக்கு ஏங்கியது. அதை வெளியே சொல்லவில்லை. வந்த முதல் நாளே இரண்டாவது பிழை விட வேண்டாம் என்று நினைத்தேன்.

சாப்பிட்டதும் மாதிரிச் சட்டையைக் கொண்டுவந்து விரித்தார். வெள்ளைத் துணி நிறைய இளஞ்சிவப்புப் பன்றிக்குட்டிகள். சுருண்ட வால், சிரித்த முகம், நாலு காலும் நிலத்தில். கிர்ஸ்டனிடம் இருப்பதும் இதே மாதிரிதான். நன்றாக இருக்கிறது என்றேன்.

"இத்தன வருசமா அடுத்தவங்க பேருக்குத்தானுங்க தெச்சுக் குடுத்தோம்" என்றார் சாந்தாமணி. "பெரிய கம்பெனிக்காரங்க ஆர்டர் எடுப்பாங்க, நாங்க ஜாப் ஒர்க் பண்ணிக் குடுப்போமுங்க. எங்க பேருல நேரா வெளிநாட்டுக்குப் போறது இதுதான் மொதல் தடவைங்க. இது நல்லபடியாப் போயி, உங்க மொதலாளியம்மா மறுக்கா ஒரு ஆர்டர் குடுத்துட்டாங்கன்னா, அப்பறம் நாங்களும் எக்ஸ்போர்ட்டருங்க."

"குடுக்காட்டில்?"

"பழையபடி ஜாப் ஒர்க்குங்க. கெடச்ச துணிய வாங்கி, சொன்னத தெச்சு." அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சட்டையை மடித்த கை மட்டும் ஒரு மடிப்பை மூன்று முறை நீவிவிட்டது.

அந்த நேரம் பார்த்து லேபிள் கட்டுகளைச் சுமந்துகொண்டு யூசுப் பாய் வந்தார். இந்த வட்டாரத்தில் பல யூனிட்டுகளுக்கும் கழுத்து லேபிளும் அட்டையும் அச்சடித்துக் கொடுப்பவர். அவருடைய தொப்பியைக் கண்டதும் நான் சட்டையை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவர் கவனித்துவிட்டார். "ஏனுங்க ஒளிக்கிறீங்க? அந்தப் பன்னி படத்துக்கு லேபிள் அடிச்சுக் குடுத்ததே நாந்தானுங்க." பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நாங்க திங்கறதில்லீங்க, அவ்வளவுதான். அதுக்காவ அதுகூடச் சண்டையும் இல்லீங்க" என்றார். சாந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் அசடு வழிந்தபடி தேநீர் குடித்தேன்.

இந்த ஊரில் பன்றியைப் பற்றி என்ன கதை சொல்வார்கள் என்று இருவரையும் கேட்டேன். கேட்டதும் சாந்தாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய அண்ணனுக்கு மலையடிவாரத்தில் நிலக்கடலைத் தோட்டம். காட்டுப்பன்றி இறங்கினால் விடிவதற்குள் கடலை இருந்த இடம் உழுத நிலமாகிவிடும். அதனால் தோட்டத்தைச் சுற்றிக் கம்பு நட்டு, திருப்பூரிலிருந்து கழிவுத் துணியை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறாராம். காற்றில் துணி ஆடினால் ஆள் நிற்கிறது என்று பன்றி பயந்துவிடும். வேலிக்குப் பனியன் துணி கட்டும் ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எங்கள் வன்னியில் தகரத்தைக் கட்டி விடிய விடியத் தட்டுவார்கள்.

"கூத்துலயும் பன்னி வருமுங்க" என்றார். இரண்டு அண்ணன் தம்பிமார், அவர்களுடைய வயலையும் ஏரிக்கரையையும் உடைத்து நாசமாக்கும் ஒரு ராட்சதக் கொம்புப் பன்றி. அந்தப் பன்றியை ஒருத்தி செல்லமாக வளர்த்தாளாம். பன்றியைக் குத்தும் கட்டம் வரும்போது பார்க்கிறவர்களில் பாதிப்பேர் அண்ணன் தம்பிக்காகக் கூச்சல் போடுவார்களாம். "நானு சின்னப் புள்ளையில அந்தப் பன்னிக்காவ அழுதனுங்க. எங்கப்பன் திட்டுனாரு. நம்ம காட்ட அழிச்சதுக்கா அழுவறேன்னு."

நானும் என் பங்குக்கு வடக்கு நாட்டுப் பழங்கதை சொன்னேன். அங்கே ஒரு தெய்வத்துக்குப் பொன்மயிர்ப் பன்றிதான் வாகனம். இருட்டில் விளக்கு வேண்டாம், பன்றியே ஒளிவிடும். இறந்த வீரர்கள் போகும் மண்டபத்தில் இன்னொரு பன்றி உண்டு. அதை ஒவ்வொரு நாளும் சமைத்துச் சாப்பிடுவார்கள், மறுநாள் அது முழுசாக எழும்பி நிற்கும். யூசுப் பாய் தலையை ஆட்டினார். "பாவமுங்க அது. தெனமும் ஒரே வேலை. நம்மாட்டத்தான்."

சனிக்கிழமை காலை நடந்ததற்கு என் அவசரம்தான் காரணம். "ஆட்டோ எதுக்குங்க, நம்ம வேன் உங்க லாட்ஜ் முன்னால வருமுங்க, ஏறிக்குங்க" என்று சாந்தாமணி சொல்லியிருந்தார். வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. நான் ஏறினேன். திருப்பூரில் காலை வேளையில் ஓடுகிற வாகனங்களில் பாதி வெள்ளை வேன் என்பது எனக்குத் தெரியாது.

உள்ளே நிறைய இளம்பெண்கள். மல்லிகை மணம். ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். தென்பக்கத்துப் பேச்சு. "புதுசா சேந்துருக்கீகளாக்கா? எந்த செக்‌ஷன்?"

"நான் பன்றி பாக்க வந்தனான்" என்றேன்.

வேனில் அதுவரை இருந்த பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. முன் சீட்டில் ஒருத்தி திரும்பி என்னை உச்சி முதல் பாதம்வரை பார்த்தாள். வேன் ஊருக்கு வெளியே ஒரு பெரிய தொழிற்சாலைக்குள் போய் நின்றது. காவலாளி ஐடி கார்டு கேட்டார். இல்லை என்றேன். எந்தக் காண்ட்ராக்டர் மூலம் வந்தாய் என்றார். கிர்ஸ்டன் என்றேன். அவர் தன் மேலதிகாரியைக் கூப்பிடப் போனார். கடைசியில் நான் தொலைபேசியில் அழைக்க, சாந்தாமணி ஸ்கூட்டரில் வந்து, நாலைந்து பேரிடம் நாற்பது 'ங்க' போட்டு என்னை மீட்டுப்போனார்.

பின்சீட்டில் அவருடைய இடுப்பைக் கெட்டியாகப் பிடித்தபடி யூனிட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது செக்கிங் மேசையில் தைத்து முடித்த சட்டைகள் குவிந்திருந்தன. பிசிறு வெட்டிக்கொண்டிருந்த இரண்டு வடநாட்டுப் பெண்கள் இந்தியில் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அயர்ன் போடுகிறவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "இந்தப் பன்னியெல்லாம் செத்துப்போச்சா, இல்ல மல்லாந்து தூங்குதான்னு கேக்குதுங்க."

நான் ஒரு சட்டையை எடுத்தேன். பன்றிகளின் நாலு காலும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அடுத்ததை எடுத்தேன், நேராக நின்றன. அதற்கடுத்தது மறுபடி தலைகீழ். குவியலில் கிட்டத்தட்டப் பாதி அப்படித்தான் இருந்தது.

"இது பிழையா வந்திட்டுது போல கிடக்கு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சாந்தாமணி ஒவ்வொரு சட்டையாகப் புரட்டினார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நாந்தானுங்க பண்ணுனேன்" என்றார்.

நடந்தது இதுதான். துணியை மேசையில் அடுக்கடுக்காக விரித்து, சட்டையின் துண்டுகளை வரைந்து மொத்தமாக வெட்டுவார்கள். கட்டிங் மாஸ்டர் எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில்தான் வரைந்திருக்கிறார். அப்படி வரைந்தால் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் இடைவெளி விழும். அந்தத் துணி குப்பைக்குத்தான் போகும். சாந்தாமணியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மாஸ்டர் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு சட்டைக்கான துண்டுகளை நேராகவும் அடுத்த சட்டைக்கானவற்றைத் தலைகீழாகவும் வைத்து நெருக்கி வரைந்துவிட்டார். ஒருவரோடு ஒருவர் கால் மாட்டிப் படுத்தால் ஒரு பாயில் இன்னும் இரண்டு பேர் படுக்கலாமே, அந்தக் கணக்கு. துணியும் கணிசமாக மிச்சமாகியிருக்கிறது. மாஸ்டர் திரும்பி வந்தபோது வெட்டி முடிந்திருந்தது.

"துணிய வீணாக்கக் கூடாதுன்னு உங்க மொதலாளியம்மாவும் எழுதியிருந்தாங்களுங்க" என்றார். "இத்தன வருசமா ப்ளெயின் துணியில பனியன் வெட்டித்தானுங்க பழக்கம். பனியனுக்கு ஏதுங்க தலையும் காலும்?"

அது உண்மை. கிர்ஸ்டன் அப்படி எழுதியதும் உண்மை. எங்கள் கடையின் பெருமையே எதையும் வீணாக்க மாட்டோம் என்பதுதான். மறுபடி வெட்ட முடியாதா என்று கேட்டேன்.

"மிச்சமான துணி இத்தனைக்குப் பத்தாதுங்க. இனி நூல் வாங்கி, துணி ஓட்டி, அச்சடிச்சு வாரதுக்குள்ள உங்க புது வருசமே போயிருமுங்க." கொஞ்ச நேரம் தலைகீழ்ப் பன்றிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் என்ற அண்ணன் தோட்டத்துல பன்னி வெரட்டக் கட்டிரலாமுங்க. சொந்தக்காரங்க தொங்கறதப் பாத்து வராம இருக்கும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அன்று மதியம் தந்த அரிசிம்பருப்புச் சோற்றில் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். அது நல்ல சோறு. நெய் விட்டுச் சூடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை யூனிட் விடுமுறை. "மனசு சரியில்லீங்க. அவிநாசி கோயலுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்தரலாமுங்க" என்றார் சாந்தாமணி. எனக்கும் லாட்ஜில் இருந்து சுவரைப் பார்க்க விருப்பமில்லை.

வழியில் திருமுருகன்பூண்டியில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னேன். சாலையோரம் நெடுகச் சிற்பக் கூடங்கள். உளிச் சத்தம் ஞாயிறு என்றும் பாராமல் கேட்டது. ஒரு கூடத்தின் முன்னால் நான் எதிர்பார்க்காத காட்சி. வரிசையாகப் பெண் உடம்பு, பன்றி முகம். பல அளவுகளில் வாராகி. சிலவற்றுக்கு முகம் இன்னும் கல்லுக்குள்ளேயே இருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது வாராகி என்ற பெயரைக் கேட்டதே இல்லை. இப்போது டென்மார்க்கில்கூடத் தமிழ்ப் பெண்கள் பஞ்சமிக்கு விளக்கேற்றுகிறார்கள்.

"முன்னெல்லாம் பிள்ளையார்தாம்மா, அடிச்சு மாளாது" என்றார் உள்ளே வேலை செய்துகொண்டிருந்த சிற்பி. மதுரைப் பக்கத்துக்காரர். "இப்ப எல்லாருக்கும் வாராகிதான் வேணும். பிள்ளையாருக்கு தும்பிக்கை கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் சமாளிச்சிரலாம். இவுகளுக்கு மூக்குத்தாம்மா சோதனை. நீண்டா நரி மாதிரி ஆயிரும். குறைஞ்சா சிரிப்பு வந்துரும். பாத்தா பயமும் வரணும், அம்மான்னு கூப்புடவும் தோணணும்."

பன்றி முகத்தைப் பார்த்து அம்மா என்று கூப்பிடத் தோன்றுமா என்று கேட்டேன்.

"என்னம்மா இப்பிடிக் கேட்டுப்புட்டீக? எங்க ஊருல சிவனே பன்டியா வந்திருக்காரும்மா. தாய்ப்பன்டி செத்துப்போச்சு. குட்டிகளெல்லாம் பசியில கெடந்து கத்துது. பாத்தாரு. தாய்ப்பன்டியா மாறி வந்து படுத்து, அம்புட்டுக் குட்டிக்கும் பால் குடுத்தாரு." சொல்லிவிட்டு உளியை எடுத்துக்கொண்டார். அவருக்கு அது தெரிந்த வீட்டுச் செய்தி மாதிரி. எனக்கோ கண் நிறைந்துவிட்டது. வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறும்வரை அந்தக் குட்டிகளின் சத்தம் காதில் இருந்தது.

அவிநாசி கோயிலில் கூட்டம் அதிகமில்லை. சாமி கும்பிட்டுவிட்டுப் பிராகாரத்தைச் சுற்றினோம். கருவறையின் பின்சுவர் மாடத்துக்கு வந்தபோது நான் நின்றுவிட்டேன். சிறுவயது முதல் எத்தனையோ சிவன் கோயில்களில் அந்த இடத்தைச் சுற்றிப் போயிருக்கிறேன். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. தூண் போல எழுந்த சோதி, அதன் நடுவில் சிவன். மேலே ஒரு அன்னம். கீழே ஒரு பன்றி, தலை மண்ணுக்குள், கால் மேலே.

"சாந்தாமணி, பாருங்கோ!" என்று கத்தியேவிட்டேன். "தலைகீழ்ப் பன்றி!"

அவரும் பார்த்தார். எனக்குள் மளமளவென்று ஒரு கடிதம் உருவாகத் தொடங்கியது. அன்புள்ள கிர்ஸ்டன், தலைகீழாக இருக்கும் பன்றி இந்த நாட்டுப் பழைய வடிவம், சிவன் கோயில்களின் பின்சுவரில் அது உண்டு, ஆகவே திருப்பூர்க்காரர்கள் உனக்காகப் பாதிச் சட்டைகளில்... கிர்ஸ்டன் நம்புவார். இந்தியா என்றால் அவர் எதையும் நம்புவார். இதைச் சாந்தாமணியிடம் சொன்னபோது முந்தின நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவருடைய முகத்தில் வெளிச்சம் வந்தது. "நெசமாவாங்க? ஒத்துக்குவாங்களாங்க?"

"ஒத்துக்கொள்ளுவா. கதையையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லம். கதை உங்களுக்குத் தெரியும்தானே?"

பிராகாரத்து நிழலில் உட்கார்ந்தோம். அவர் சொல்லத் தொடங்கினார், நான் மனதுக்குள் டேனிஷில் மாற்றிக்கொண்டே வந்தேன். "பெருமாளுக்கும் பிரம்மனுக்கும் யாரு பெரியவருன்னு போட்டிங்க. சிவன் நெருப்பாட்டம் நின்னாரு. என்ற அடியையோ முடியையோ ஆரு பாத்துட்டு வாரீங்களோ அவங்கதான் பெரியவங்கன்னாரு. பெருமாளு பன்னியாகி மண்ணத் தோண்டிக்கிட்டுக் கீழ போனாருங்க. பிரம்மன் அன்னமாகி மேல பறந்தாருங்க. ரெண்டு பேராலயும் ஆகலீங்க. அன்னம் தாழம்பூவப் பொய்ச்சாட்சிக்கு கூட்டிக்கிட்டு வந்து, முடியப் பாத்துட்டேன்னு சொல்லிருச்சுங்க. பன்னி மட்டும் திரும்பி வந்து, என்னால முடியலீங்க சாமின்னு..."

அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். நானும் மொழிபெயர்ப்பதை நிறுத்தினேன்.

சற்றுத் தள்ளி ஒரு குடும்பம் பொட்டலத்தைப் பிரித்துப் புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சாந்தாமணி மாடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நாம இதுல எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. தாழம்பூ வேலைக்கு நான்தான் முந்திக்கொண்டு நின்றிருக்கிறேன். "எழுதினால் ஆர்டர் தப்பிக்கும்" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"தப்பிக்குமுங்க. அடுத்த தடவ அவங்களே, இந்தத் தடவயும் பாதிப் பன்னியத் தலகீழாப் போடுங்கன்னு சொன்னா? ஆயுசுக்கும் பொய்யில தெச்சுக்கிட்டுக் கெடக்கோணுமுங்க. வேண்டாமுங்க. இருக்கறத அப்பிடியே எழுதீருங்க."

கோயிலுக்கு வெளியே ஒரு தேநீர்க் கடையில் தேங்காய்ப் பன்னைப் பாதி பாதியாகப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே எழுதினேன். இரண்டு விதச் சட்டைகளின் படம். யார் செய்தது, எப்படி நடந்தது, ஏன் திருத்த நேரமில்லை. கோயிலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அனுப்பியதும் சாந்தாமணி, "போயிருச்சுங்களா?" என்று கேட்டார். போய்விட்டது என்றேன்.

திங்கட்கிழமை அங்கே விடிந்து, கிர்ஸ்டன் எழுந்து, காப்பி குடித்து, கடையைத் திறக்கும்வரை இங்கே காத்திருந்தோம். மதியம் தாண்டி வீடியோவில் வந்தார். கோபமாக இருக்கும்போது அவர் மிகவும் மெதுவாகப் பேசுவார். அன்று மிகவும் மெதுவாகப் பேசினார்.

"நான் கேட்டது நிற்கிற பன்றி" என்றார். "இவை குத்துக்கரணம் அடிக்கின்றன."

மொழிபெயர்த்தேன். சாந்தாமணி, "தப்பு எம்மேலதானுங்கன்னு சொல்லுங்க. மாஸ்டர் சரியாத்தான் பண்ணுனாருன்னு சொல்லுங்க" என்றார். அதையும் சொன்னேன்.

"படத்தில் சரியாகத் தெரியவில்லை. உடம்பில் வைத்துக் காட்டச் சொல்" என்றார் கிர்ஸ்டன்.

சாந்தாமணி ஒரு தலைகீழ்ச் சட்டையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் நின்றார். திரையைப் பார்க்க அவருக்கு முகமில்லை. தண்டனைக்கு நிறுத்திய பிள்ளை போலத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்தத் தொலைபேசியை அணைத்துவிடலாம் போல இருந்தது.

குனிந்தவர் நிமிரவில்லை. "ஏனுங்க..." என்றார் மெதுவாக. பிறகு, "நேரா நிக்குதுங்க" என்றார்.

"என்ன நேரா?"

"பன்னிங்க! எதுக்க நிக்கறவங்களுக்குத்தான் தலகீழுங்க. போட்டுருக்கறவங்க குனிஞ்சு பாத்தா எல்லாம் நம்மளப் பாத்து நேரா நிக்குதுங்க!"

நான் இன்னொரு சட்டையைப் பறித்து என் நெஞ்சில் வைத்துக் குனிந்தேன். அத்தனை பன்றிக்குட்டிகளும் நாலு காலையும் ஊன்றி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தன. அவசரமாக டேனிஷில் சொன்னேன். பாதிச் சொல் தமிழாக வந்தது. கிர்ஸ்டன் எழுந்து போய்த் தன்னிடமிருந்த மாதிரிச் சட்டையைக் கொண்டுவந்தார். அதைத் தலைகீழாகத் திருப்பித் தன் நெஞ்சில் வைத்துக் குனிந்தார். திரையில் அவருடைய நரைத்த உச்சந்தலை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்துகொண்டிருந்தது.

"என் பேத்தி" என்றார் குனிந்தபடியே, "சட்டையில் இருக்கிற முயலைப் பார்க்கக் கழுத்தை முறித்துக்கொள்வாள். ஏன் அது தலைகீழாக இருக்கிறது என்று என்னைக் கேட்பாள். நான் இதுவரை பதில் சொன்னதில்லை."

நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எல்லாவற்றையும் அனுப்புங்கள் என்றார். ஆனால் தலைகீழ்ச் சட்டைகளில் ஒரு சின்ன அட்டை தொங்க வேண்டும். அதில் ஒன்றையும் மறைக்கக் கூடாது. முதல் வரி, இதைப் பிழையாக வெட்டிவிட்டோம். இரண்டாவது வரி, குனிந்து பார். "அடுத்த முறை எல்லாம் ஒரே திசையில் வெட்டச் சொல். கொஞ்சம் துணி வீணானால் போகட்டும்" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார்.

நான் அட்டையைப் பற்றிச் சொன்னேன், இரண்டு வரியைச் சொன்னேன், திசையைச் சொன்னேன். சாந்தாமணி எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அந்தக் கடைசியில சொன்னது," என்றார். "மறுக்கான்னாங்களா?"

"ஓம். அடுத்த முறை எண்டுதான் சொன்னவ."

அவர் சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கண் இரண்டும் நிறைந்திருந்தன. எனக்கும்தான். அயர்ன் போடுகிறவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஆர்டர் போய்விட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று மாலையே யூசுப் பாயின் கடைக்குப் போனோம். கதையைக் கேட்டு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு கணினியைத் திறந்து வேலையை ஆரம்பித்தார். கிர்ஸ்டனின் இரண்டு வரிகளையும் நான் டேனிஷில் எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் ஒரு பன்றிக்குட்டி. அட்டையைப் பன்றி வடிவத்திலேயே வெட்டலாம் என்பது அவருடைய யோசனை. அழகாக இருந்தது.

ஒரு பெரிய தாளில் அட்டைகளை வரிசையாக அடுக்கினார். கண்ணைச் சுருக்கி ஒரு கணம் யோசித்தார். பிறகு ஒரு பன்றியை நேராகவும் பக்கத்துப் பன்றியைத் தலைகீழாகவும் திருப்பி, கால் இடுக்கில் கால் வைத்து நெருக்கினார். "இப்பிடி வெச்சா ஒரு தாளுல இன்னும் கொஞ்சம் புடிக்குமுங்க" என்றார்.

சாந்தாமணி எழுந்து போய் அவருடைய கையைப் பிடித்துவிட்டார். "வேண்டாமுங்க பாய்," என்றார். "அட்டை வேஸ்ட்டாப் போனாப் போவுதுங்க. எல்லாத்தையும் ஒரே பக்கமா நிக்க வெய்யுங்க."